எழுதத் தெரிந்த கைகளுக்கு

கடல்வழியே வந்து மடங்களைச் சூறையாடியவர்கள் என்றதும் ஐரோப்பாவில் நினைவுக்கு வரும் பெயர் வைக்கிங்குகள். 793 ஜூனில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தில் இறங்கினார்கள். துறவிகளில் சிலரை வெட்டினார்கள், சிலரைக் கடலில் தள்ளினார்கள், சிலரைக் கட்டி இழுத்துப் போனார்கள். 795இல் ஸ்காட்லாந்தின் அயோனா மடம். 802இல் மறுபடியும் அதே அயோனா. 806இல் திரும்ப வந்தபோது 68 பேரைக் கொன்றார்கள். அந்தக் கரையில் பலிபீடத்துப் பொன்னும் புனிதர்களின் எலும்பு வைத்த பேழையும் இருக்கும் இடம் மடம்தான், காவலுக்கு ஆள் இல்லாத இடமும் மடம்தான்.

இத்தனையும் நமக்கு எப்படித் தெரிகிறது? தப்பிப் பிழைத்த துறவிகள் ஆண்டுக் குறிப்புகளில் எழுதினார்கள். சார்லமேன் அரசவையில் இருந்த அல்குயின் செய்தி கேட்டு மனம் நொந்து கடிதம் எழுதினார். வைக்கிங்குகளுக்குக் கல்லிலும் மரத்திலும் எழுத்துக் கீறத் தெரியும். அமர்ந்து வரலாறு எழுதும் பழக்கம் கிடையாது. வாள் ஒரு பக்கம், எழுதுகோல் இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டதால் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அவர்களுக்குக் கெட்ட பெயர்.

மும்பையை ஒட்டிய எங்கள் தாணேக்குக் கடல்வழியே வந்தவர்களிடம் வாளும் இருந்தது, எழுதுகோலும் இருந்தது. அவர்களை நிறைவாகப் புகழ்ந்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இந்தப் புகழில் மிகையாக ஒரு சொல்லும் இல்லை. பெரும்பாலானவை அவர்களே பெருமையோடு எழுதி வைத்தவை.

முதலில் அவர்களுடைய முறைமையைச் சொல்ல வேண்டும். 1529இல் போர்த்துகீசியக் கப்பற்படை வசாயைக் கொளுத்தியது. தாணே கப்பம் கட்ட ஒப்புக்கொண்டது. வைக்கிங்குகளுக்கு ஆங்கிலேயர்கள் வெள்ளி கொடுத்துப் போகச் சொன்னதுபோலத்தான். ஆனால் கப்பம் கட்டிய ஊர் என்று தாணேக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பாந்த்ரா, மாஹிம், தாணே எல்லாம் ஒன்றுபோல எரிந்தன. அந்த நடுநிலையைப் பாராட்டத்தான் வேண்டும். பிறகு 1534 டிசம்பரில் குஜராத் சுல்தான் பகதூர் ஷா கையெழுத்திட்டு வசாயையும் சாஷ்டித் தீவையும் மும்பையின் தீவுகளையும் ஆளுநர் நூனோ ட குன்யாவிடம் ஒப்படைத்தார். இன்று நாம் தாணே என்றும் முலுண்டு என்றும் போரிவலி என்றும் அந்தேரி என்றும் ரயிலில் கடக்கிற நிலம் முழுவதும் அந்தச் சாஷ்டிதான்.

படைக்குப் பின்னால் பிரான்சிஸ்கன் துறவிகள் வந்தார்கள். அவர்களுடைய சபைக்குத் தாணே புதிய ஊர் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1321இல், தொலெந்தினோ ஊர்த் தோமாவும் அவரோடு வந்த மூன்று துறவிகளும் இதே தாணேயில் கொல்லப்பட்டிருந்தார்கள். மத வாதத்தில் சொன்ன சொல்லுக்காக அவர்களுடைய உயிர் எடுக்கப்பட்டது. கையில் ஆயுதம் இல்லாத மனிதர்கள். சில ஆண்டுகள் கழித்து அதே சபையின் ஒடோரிக் வந்து அவர்களுடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, கடல் தாண்டிச் சீனம் வரை மரியாதையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்தவர் கையில் செத்த தன் மனிதர்களின் எலும்பு எவ்வளவு புனிதமானது என்பது அந்தச் சபைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த அறிவோடுதான் அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்தார்கள்.

அந்தத் துறவிகளில் ஒருவரான அந்தோனியோ டோ போர்ட்டோ அவர்களே, உங்கள் உழைப்புக்கு இணை சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒரே மனிதர், மழையும் சேறும் கொசுவும் நிறைந்த கொங்கணக் கரையில், இருநூறு கோயில்களை அகற்றினார் என்றும் பதினொரு தேவாலயங்களை எழுப்பினார் என்றும் உங்களைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. இடித்ததற்கும் கணக்கு வைத்திருந்தீர்கள், கட்டியதற்கும் கணக்கு வைத்திருந்தீர்கள். லிண்டிஸ்ஃபார்னில் எத்தனை பலிபீடம் உடைந்தது என்று எந்த வைக்கிங்கும் எண்ணி வைக்கவில்லை. எண்ணிக்கை வைத்திருந்த உங்களுக்கு, எண்ணப்பட்ட கோயில்களின் பெயர்களை எழுத மட்டும் நேரம் இருந்திருக்காது. சிலாகாரர்களின் தலைநகராக ஸ்ரீஸ்தானகம் என்று செப்பேடுகளில் வருகிற இந்த ஊரில் எந்தெந்தக் கோயில்கள் இருந்தன என்று கேட்டால், குளம் தூர் வாரும்போது கிடைத்த சிற்பங்களைத்தான் இன்று காட்ட முடிகிறது. மசுந்தா ஏரிக்கரையில் இப்போது நாம் கும்பிடுகிற கௌபீனேசுவரர் கோயில் 1760இல் மராட்டியர் திரும்பக் கட்டியது.

நீங்கள் கன்ஹேரிக்குப் போனதைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். போரிவலியிலிருந்து காட்டுக்குள் ஏறும் அந்தக் கரும்பாறைக் குன்றில் நூற்றுக்கு மேல் குகைகள். பேசால்ட் பாறையைக் குடைந்து, மழைநீர் ஒவ்வொரு குகையின் வாசலிலும் உள்ள தொட்டியில் வந்து விழும்படி கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். மேலே விழுந்த மழை கீழேயுள்ள பெரிய தேக்கத்துக்குப் போகும்வரை ஒரு சொட்டையும் வீணாக்கவில்லை. மே மாதத்தில் தாணேயில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம். பொது ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிக்குகள் அங்கே வாழ்ந்தார்கள். செலவு செய்தது யார் என்பது சுவரிலேயே இருக்கிறது. கல்யாணிலிருந்து வந்த பொற்கொல்லர், சோபாராவின் வணிகர், கொல்லர், பிக்குணிகள், வணிகர் வீட்டுப் பெண்கள். பணத்தை முதலாகப் போட்டு வட்டியில் பிக்குகளுக்கு ஆடை வாங்கும் ஏற்பாட்டை அட்சயநீவி என்று எழுதினார்கள். 9ஆம் நூற்றாண்டின் நடுவில், ராஷ்டிரகூட அமோகவர்ஷன் காலத்தில், வங்கத்துக் கௌட நாட்டிலிருந்து வந்த அவிக்னாகரன் என்பவர் 100 திரம்மம் கொடுத்து, தியான அறைகளும் ஆடையும் என்று கல்லில் பதிந்து போனார். வங்கத்துப் பௌத்த ஆசிரியர் அதீசர் திபெத்துக்குப் போகுமுன் இந்தக் குன்றில் பாடம் கேட்டார் என்று திபெத்திய மரபு சொல்கிறது.

நீங்கள் வந்தபோது பிக்குகள் இல்லை. அவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். அதில் உங்கள் பங்கு எதுவும் கிடையாது. குகைகளில் ஜோகிகள் இருந்தார்கள். அவர்களில் சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரிய சைத்தியக் குகையை நீங்கள் புனித மிக்கேலின் ஆலயம் ஆக்கினீர்கள். வரிசையாக நின்ற தூண்கள், வளைந்த கூரை, கடைசியில் வட்டமாக ஒரு தூபி, பின்னால் சுற்றி வரும் வழி. ரோமில் ஒரு பழைய பசிலிக்காவுக்குள் நுழைந்தாற்போல இருந்திருக்கும். கட்டடக் கலையைப் பார்த்த மாத்திரத்தில் மதிக்கிற கண் உங்களுக்கு இருந்தது, மதித்ததால்தான் எடுத்துக்கொண்டீர்கள். வாசலில் இரு பக்கமும் இருபது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிற புத்தர்கள் இருவரையும் விட்டுவைத்தீர்கள். இன்றும் நிற்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவன்.

இந்தக் குன்றில் ஒரு சுரங்கம் இருக்கிறது, அது குஜராத்தின் காம்பே வரை போகும் என்று ஊரார் சொன்னதைக் கேட்டு நீங்கள் கயிறும் உணவும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, ஆட்களோடு நாள்கணக்கில் உள்ளே நடந்தீர்கள் என்று டியோகோ டோ கூட்டோ எழுதியிருக்கிறார். முடிவு தெரியாமல் திரும்பினீர்களாம். பயம் அறியாத மனிதர்தான். வாசலிலேயே, கண்ணுக்கு நேரே, பிராமி எழுத்தில் அந்தக் குன்றின் கணக்கு வழக்கெல்லாம் இருந்தது. நீங்கள் இருட்டுக்குள் தேடினீர்கள்.

கூட்டோவைத் தனியாகப் புகழ வேண்டும். போர்த்துகீசிய இந்தியாவின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியர் அவர். கோவாவின் ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர். கேட்டு எழுதுகிற பொறுமை உள்ளவர். கன்ஹேரியை யார் கட்டினார்கள் என்று அவர் விசாரித்தபோது சாஷ்டியின் முதியவர் ஒருவர் ஒரு கதை சொன்னார். ஒரு அரசனுக்கு மகன் பிறந்தான். அவன் துறவி ஆவான் என்று சோதிடர்கள் சொன்னார்கள். நோயும் மூப்பும் சாவும் கண்ணில் படாமல் அவனை வளர்க்க அந்த அரசன் கட்டிய மாளிகைகள்தான் இவை. கூட்டோ உடனே அடையாளம் கண்டார். இது நம்முடைய புனித யோசபாத்தின் கதை அல்லவா! மேலை நாடுகளில் நூற்றாண்டுகளாகப் படிக்கப்பட்டு வந்த பர்லாம், யோசபாத் புனிதர் வரலாறு. நவம்பர் 27ஆம் தேதியைத் திருநாளாகவும் அவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

இன்று நமக்குத் தெரியும். யோசபாத் என்ற பெயர் போதிசத்துவ என்ற சொல்லிலிருந்து பாரசீகம், அரபு, ஜார்ஜியம், கிரேக்கம் என்று மொழி மொழியாக மாறிப்போனது. கௌதம புத்தரின் இளமைக் கதைதான் தேவாலயத்தில் புனிதராக நின்றது. கூட்டோ இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புத்தரின் பெயரைக்கூட எழுதினார். ஐரோப்பியர்களில் இந்த ஒற்றுமையை இவ்வளவு முன்னதாகக் கண்டு எழுதியவர்கள் மிகக் குறைவு. அவ்வளவு கூர்மையானவர், யோசபாத்தைப் பார்த்துத்தான் இவர்கள் தங்கள் புத்தரை உண்டாக்கியிருப்பார்களோ என்ற பக்கம் சாய்ந்தார். புத்தரின் மடத்தைப் புத்தரிடமிருந்து மீட்டு, புத்தரையே வணங்குகிற ஒரு சமயத்திடம் ஒப்படைத்திருக்கிறோம் என்ற இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டார். இவ்வளவு அருகில் வந்து நின்ற ஒருவரை நான் எங்கள் வரலாற்றாசிரியர்களில் பார்த்ததில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பக்கத்தில் இருந்து அந்த விரற்கடையைத் தள்ளிவிட்டிருக்கக் கூடாதா என்ற ஏக்கம்தான் வருகிறது.

எலிஃபண்டா கல்லைப் பற்றியும் கூட்டோதான் எழுதினார். மும்பைத் துறைமுகத்தில், நம் உறவினர்கள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அவர்களைப் படகில் அழைத்துப் போகிறோமே, அந்தக் காராபுரித் தீவுதான். வசாய் கைக்கு வந்ததும் போர்த்துகீசியர்கள் அங்கே போய், கோயில் வாசலுக்கு மேலே இருந்த பெரிய எழுத்துக் கல்லைக் கழற்றி எடுத்தார்கள். நன்றாக வெட்டிய எழுத்து என்று பாராட்டியே எழுதுகிறார். ஆளுநர் அதைப் படிக்க ஆள் தேடினார். கீழைநாடு முழுவதும் இந்துவோ முஸ்லிமோ படிக்கக் கூடியவர் ஒருவரும் அகப்படவில்லை. ஆகவே கல் கப்பலேறி லிஸ்பனுக்குப் போயிற்று. மூன்றாம் ஜான் மன்னரும் முயன்று பார்த்தார். அங்கேயும் படிக்க ஆள் இல்லை. பிறகு கல்லையே காணவில்லை.

இதில் இருக்கிற அறிவுத் தாகத்தை எண்ணிப் பாருங்கள். கொள்ளையடித்தது பொன் அல்ல, படிக்க முடியாத எழுத்து. 9ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் கான்டர்பரியின் பொன்னெழுத்து நற்செய்தி நூலை எடுத்துப் போனபோது, ஆல்ஃபிரட் என்ற பிரபுவும் அவர் மனைவி வெர்பர்கும் பொன் கொடுத்து மீட்டார்கள். மீட்ட கதையை அந்த நூலின் பக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். நூல் இன்றும் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. வைக்கிங்குகளுக்கு எழுத்தின்மேல் ஆசை இல்லாததால் அது விலைக்குக் கிடைத்தது. எலிஃபண்டாவின் எழுத்தைப் போர்த்துகீசியர்கள் விரும்பி எடுத்துப் போனார்கள், அதனால் அது திரும்பவில்லை. அந்த மாபெரும் குகையை யார் குடைந்தார்கள், எந்த அரசன், எந்த ஆண்டு என்று அறிஞர்கள் இன்றுவரை சிற்பத்தின் பாணியையும் தீவில் கிடைத்த காசுகளையும் வைத்து வாதாடுகிறார்கள். காலச்சூரியர் என்று ஒரு சாரார், கொங்கண மௌரியர் என்று ஒரு சாரார். பதில் எழுதிய கல் ஒன்று இருந்திருக்கலாம். பிராமியை 1830களில் ஜேம்ஸ் பிரின்செப் படித்துவிட்டார். பிந்தைய எழுத்துகளைப் படிக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். படிக்கிறவர்கள் வந்தபோது கல் இல்லை.

நடுநிலை என்று முன்னால் சொன்னேன். அதற்கு இன்னொரு சான்று கார்சியா ட ஓர்ட்டா. மும்பைத் தீவையே குத்தகைக்கு வைத்திருந்த மருத்துவர். 1563இல் கோவாவில் அச்சான மூலிகை நூலில் இந்தக் குகைக் கோயில்களின் வேலைப்பாட்டை வியந்து எழுதியவர். யூத வழி வந்த அவர் மறைவாக யூத சமயத்தைக் கைக்கொண்டார் என்று சொல்லி, அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1580இல், கோவாவின் சமய விசாரணை மன்றம் அவருடைய எலும்புகளைத் தோண்டி எரித்தது. தன் நாட்டு அறிஞர் என்று பார்க்கவில்லை.

மண்டபேசுவரம் பற்றிச் சொல்லாவிட்டால் புகழ் நிறையாது. போரிவலிக்கும் தஹிசருக்கும் இடையில், இப்போது அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கிற சிவன் குகை. அதையும் போர்ட்டோ எடுத்துக்கொண்டார். குகையே தேவாலயம் ஆயிற்று, மேலே மடமும் கல்லூரியும் எழுந்தன. குகைக்கு இருந்த வருமானம் மன்னரின் ஆணைப்படி தேவாலயத்துக்கு மாறியது. அறக்கட்டளைப் பணம் வீணாகக் கூடாது என்பதில் எவ்வளவு அக்கறை. உள்ளே இருந்த நடராசரையும் மற்ற உருவங்களையும் என்ன செய்தார்கள்? முன்னால் ஒரு சுவர் எழுப்பி மறைத்தார்கள். அந்தச் சுவரால் சிற்பங்கள் முழுதாக அழியாமல் தப்பின என்பது உண்மை. உடைப்பதைவிட மறைப்பது சிக்கனமானது. அந்தச் சிக்கனத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒரு சுவரில் மட்டும், சிற்பம் இருந்த பாறையைச் செதுக்கி எடுத்து, ஆளுயரத்துக்கு மேல் ஒரு சிலுவையை நிறுத்தியிருக்கிறார்கள். அதன் ஓரத்தில் பழைய உருவங்களின் எச்சம் இன்னும் தெரிகிறது. அந்தச் சிலுவையும் நல்ல வேலைதான். அதைச் செதுக்கியது இந்த ஊர்க் கல்தச்சனாகத்தான் இருக்க வேண்டும், லிஸ்பனிலிருந்து யாரையும் அழைத்து வந்திருக்க மாட்டார்கள். அப்பனோ பாட்டனோ உளி பிடித்த சுவரில் அவன் என்ன நினைத்துக்கொண்டு உளியை வைத்தான் என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்று சாஷ்டியிலும் வசாயிலும் தாணேயிலும் இருக்கிற கிறிஸ்தவ மக்கள் இந்த மண்ணின் பிள்ளைகள். கோலிகளும் உழவர்களும்தான் அவர்களுடைய மூதாதையர். எரிந்த ஊர்கள் அவர்களுடைய ஊர்கள், கப்பம் கட்டியதும் அவர்கள்தான். என் புகழ்மாலை எதுவும் அவர்கள் கழுத்துக்கு உரியது அல்ல. அது கப்பலில் வந்தவர்களுக்கும், அதன்பின் குதிரையில் வந்தவர்களுக்கும் உரியது.

குதிரையில் வந்தவர்கள் மராட்டியர்கள். 1737இல் தாணேயும் சாஷ்டியும் அவர்கள் வசமாயின. 1739 மே மாதத்தில் சிமாஜி அப்பாவின் படை வசாய்க் கோட்டையை வென்றது. அவர்களுக்கு இசையில் தேர்ந்த காது. தேவாலயங்களின் வெண்கல மணிகளை இறக்கி, சக்தி உள்ளவர்கள் ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுபோனார்கள். நாசிக்கில் நாரோசங்கர் கோயிலில் ஒன்று தொங்குகிறது. பீமாசங்கர் ஜோதிர்லிங்கக் கோயிலில் ஒன்று. வாய் ஊருக்குப் பக்கத்தில் மேணவலியில், நானா பட்னவீசின் மாளிகை ஒட்டிய கோயிலில் ஒன்று; அதில் 1707 என்ற ஆண்டும், குழந்தை இயேசுவை ஏந்திய மரியாளின் உருவமும் வார்க்கப்பட்டிருக்கின்றன. வருகிற பக்தர்கள் அந்தத் தாயையும் குழந்தையையும் கையால் தொட்டுத்தான் மணி அடிக்கிறார்கள். கோயில் இடித்தவனின் மணியைக் கோயிலில் கட்டியது நியாயம் என்று நம்மில் பலர் மகிழ்கிறோம். இடித்தவன் இறந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மணிக்காகக் காசு சேர்த்த வசாய்க் குடியானவன் வீட்டில் அன்று ஞாயிற்றுக்கிழமை மணி ஒலிக்கவில்லை. இந்தக் கணக்கை நேர் செய்த பெருமை மராட்டிய வீரத்துக்கு உரியது.

பிறகு வந்த ஆங்கிலேயர்கள் சமயத்துக்காக எதையும் தொட மாட்டார்கள். அறிவுக்காகத்தான் தொடுவார்கள். போர்ட்டோவின் ஆட்கள் மிக்கேலின் பூசை நடத்திய காலமெல்லாம், அந்தச் சைத்தியக் குகைக்கு முன்னால் நின்ற தூபிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. 1839இல் டாக்டர் ஜேம்ஸ் பேர்ட் தோண்டினார். உள்ளே இரண்டு செப்புக் கலசங்கள், சாம்பல், சிறு பொற்பேழை, மாணிக்கம், முத்து, பொன் துண்டுகள், எழுத்து வெட்டிய செப்பேடு. திரைகூடகர் காலக் கணக்கில் 245ஆம் ஆண்டு, அதாவது 5ஆம் நூற்றாண்டின் இறுதி. கிருஷ்ணகிரி மகாவிகாரத்தில் இந்தத் தூபி எழுந்தது என்று அந்தச் செப்பேடு சொல்கிறது. பேர்ட் கவனமாகப் படி எடுத்து, அச்சிட்டு, உலகத்துக்குக் கொடுத்தார். அந்த அக்கறையை மெச்ச வேண்டும். அச்சிட்ட படிதான் இன்று அறிஞர்களுக்கு ஆதாரம், ஏனென்றால் செப்பேடு தொலைந்துவிட்டது. ஆயிரத்து முன்னூறு ஆண்டுகள் மழையிலும் வேரிலும் பத்திரமாக இருந்த ஏடு, வெளியே எடுத்த பின் ஒரு நூற்றாண்டுகூட நிற்கவில்லை. தொல்பொருள் ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு அப்போது அதுதான் பொருள்.

நம் காலத்துக் கைகளும் சும்மா இருக்கவில்லை. குகைச் சுவர்களில் ஆணியால் தன் பெயரையும் காதலியின் பெயரையும் கீறிவிட்டுப் போகிற இளைஞர்களும் எழுதத் தெரிந்தவர்கள்தான். கல்யாண் பொற்கொல்லர் எழுதிய அதே பாறையில்தான் எழுதுகிறார்கள்.

மும்பைத் தமிழர்களாகிய நாம் இதையெல்லாம் கேட்கும்போது நமக்கு ஒரு கதை உடனே நினைவுக்கு வரும். தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிற திருநெல்வேலி, தூத்துக்குடி வீடுகளில் பாட்டிமார் சொல்லி வருவது. 1640களில் டச்சுக்காரர்கள் திருச்செந்தூர்க் கோயிலைப் பிடித்துக்கொண்டு, போகும்போது சண்முகரைக் கப்பலில் ஏற்றினார்கள், புயல் வந்தது, கடலில் போட்டார்கள், வடமலையப்ப பிள்ளை தேடிக் கண்டெடுத்தார். கேட்கிற பிள்ளைக்குக் கண் விரியும். கடலில் வந்து கோயிலில் கைவைத்தவனை நாம் நூற்றாண்டுக் கணக்கில் மறப்பதில்லை. அந்த நினைவாற்றல் நம்மிடம் இருப்பதில் எனக்குப் பெருமை. அது இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் போனால் அந்தப் பெருமை கூடும்.

மாட்டுங்காவின் மேடைகளில் ராஜேந்திர சோழனின் கடற்படை புகழப்படாத தமிழ் விழா குறைவு. நானும் புகழ்கிறேன். அவனுடைய தந்தை ராஜராஜன், ஸ்ரீவிஜயத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்தான். தந்தை சொன்ன தானத்தைச் செப்பேட்டில் பதிந்து நிலைநிறுத்தியவன் ராஜேந்திரன். சைவ மன்னன், கடல் கடந்த பௌத்தருக்காக, ஊரின் எல்லையைச் சுற்றி வந்து ஒவ்வொரு வாய்க்காலாகக் குறித்து எழுதச் செய்தான். உலக வரலாற்றில் ஒரு அரசு இன்னொரு சமயத்தின் மடத்துக்கு இவ்வளவு நுணுக்கமாகக் கொடுத்தது அரிது. அந்தச் செப்பேடு இன்று லெய்டன் நகரின் பெயரால் அறியப்படுகிறது. அதையும் கப்பலில் யாரோ எடுத்துப் போனார்கள்.

அதே கை 1017ஐ ஒட்டி ஈழத்துக்கு நீண்டது. ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டு, சோழ நாட்டிலேயே இறந்தான். 1025இல் அது ஸ்ரீவிஜயத்துக்கும் நீண்டது. நாகப்பட்டினத்து விகாரத்தைக் கட்டிய அதே அரச வம்சத்தின் கடாரமும் கோட்டை வாசலும் கைக்கு வந்தன. கொடுத்தவனே எடுத்தான், எடுத்தவனே கொடுத்தான், இரண்டிலும் குறை வைக்கவில்லை. எங்கள் மன்னனுக்கு எழுதுகோலின் அருமை போர்த்துகீசியருக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே தெரிந்திருந்தது. ஒவ்வொரு கல்வெட்டின் தலையிலும் ஒரே சொல்லில், வெற்றிகள் வரிசையாக வருகிற மெய்க்கீர்த்தி ஐரோப்பிய மன்னர்கள் கனவிலும் காணாத ஏற்பாடு. ஆண்டு கூடக் கூட அதில் நாடுகளும் கூடும்.

அந்த மெய்க்கீர்த்தியில் ஈழத்து அரசனின் முடி வருகிறது. அவன் தேவியரின் முடிகள் வருகின்றன. பாண்டியன் அங்கே அடைக்கலமாக வைத்த முடியும் இந்திரன் ஆரமும் வருகின்றன. எல்லாம் சரியான பட்டியல். விகாரங்கள் வரவில்லை. தாது வைத்த அறைகளை உடைத்ததும், பொன்னால் ஆன உருவங்களை அள்ளியதும், தீவெங்கும் இருந்த விகாரங்கள் அழிந்ததும் சூளவம்சத்தில் இருக்கின்றன. எழுதியவர்கள் ஈழத்துப் பிக்குகள், பாலி மொழியில். லிண்டிஸ்ஃபார்னில் தப்பியவர்கள் லத்தீனில் எழுதியதுபோலவே எழுதியிருக்கிறார்கள். சோழர்களுக்கு அவர்கள் கொடுத்த பெயரும் வைக்கிங்குகளுக்குக் கிடைத்த பெயரும் ஒரே தரத்தவை. அந்தப் பக்கத்தை எங்கள் பாடநூலிலும் மேடையிலும் இவ்வளவு காலம் ஒரு தூசு படாமல் மூடி வைத்திருக்கிற தமிழாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும், மண்டபேசுவரத்துச் சுவரைக் கட்டிய கொத்தனுக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர்.